அருவிக்கு நடுவே ஒரு கம்பி

சாரல் காலத்தில் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேலே பாறை ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். கிளை கிளையாகப் பிரிந்து கீழே விழும் இடத்தில் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். நடுவில் தடுப்புக் கம்பி, ஒரு போலீஸ்காரர், அவர் வாயில் ஒரு விசில். ஆண்கள் பக்கம் இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். தேய்த்துவிடும் அண்ணாச்சிகளும் அந்தப் பக்கம்தான். பெண்கள் பக்கம் சேலையோடும் சுடிதாரோடும் நனைகிறார்கள். நனைந்த துணி உடம்பில் ஒட்ட, குனிந்தபடியே உடை மாற்றும் அறையைத் தேடி நடக்கிறார்கள்.

அக்கா குடும்பத்தோடு ஒரு சாரலுக்கு நானும் போயிருந்தேன். நான் குளித்து, துவட்டி, சட்டை போட்டு, மிளகாய் பஜ்ஜியும் தின்று முடித்தாயிற்று. அக்காவைக் காணோம். அப்புறம் வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, தோளில் நான் பாறை ஓரத்தில் விட்டுவிட்டு வந்த ஈர வேட்டியையும் போட்டுக்கொண்டு வந்தாள். "நல்லா குளிச்சியாக்கா?" என்று கேட்டேன். "எங்க குளிக்க? பிள்ளைகளப் பிடிக்கதுக்கே சரியாப் போச்சு" என்றாள்.

அருவிக்கு அடியில் நிற்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பில் வேறுபாடு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கம்பி, விசில், துண்டு, எண்ணெய், பிள்ளையை யார் பிடிப்பது, ஈர வேட்டியை யார் சுமப்பது என்பதெல்லாம் உடம்பிலிருந்து முளைத்தவை அல்ல. யாரோ ஏற்பாடு செய்தவை, எல்லோரும் பழகிக்கொண்டவை. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

உடலைச் சேர்ந்த வேறுபாட்டைப் பால் என்கிறோம். கருப்பை, விந்து, ஹார்மோன், குரோமோசோம் எல்லாம் அந்தக் கணக்கு. அதன் மேல் ஒரு சமூகம் ஏற்றிவைக்கும் வேலை, உடை, இடம், உரிமை, கூச்சம், எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்ததுதான் பாலினம். இலங்கைத் தமிழர்கள் இதைப் பால்நிலை என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். 'நிலை' என்கிறபோது யாரோ கொண்டுவந்து நிறுத்திய மாதிரி ஒரு ஒலி அதில் இருக்கிறது. பெண்ணாக யாரும் பிறப்பதில்லை, பிறந்த பிறகு பெண்ணாக ஆகிறார்கள் என்ற பொருளில் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் 1949இல் எழுதினார். பால் வேறு, பாலினம் வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கம் 1970களில் கல்வித்துறையில் பரவியது. ஆண் விஷயத்திலும் கதை அதேதான். ஆணாகவும் யாரும் பிறப்பதில்லை.

பாலினம் ஒரு 'சமூகக் கட்டுமானம்' என்று சொன்னதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கட்டியது என்றால் பொய் என்றுதானே அர்த்தம்? இல்லை. அதற்கு ஐந்தருவியே சாட்சி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. முந்தின நாள் வரை ஐந்தருவி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, மறுநாள் தென்காசி மாவட்டத்தில் இருந்தது. பாறை ஒரு அங்குலம் நகரவில்லை. 1986இல் தூத்துக்குடி பிரிந்தபோது கடலும் நகரவில்லை. மலை இயற்கை, மாவட்டம் கட்டுமானம். மனிதர் போட்ட கோடுதானே என்று அலட்சியமாக நினைத்து, தென்காசி நிலத்துக்கான மனுவோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் போய் நின்று பாருங்கள். கோடு எவ்வளவு நிஜம் என்று குமாஸ்தா சொல்லித்தருவார்.

கட்டப்பட்டது என்றால் மாற்றக்கூடியது என்று அர்த்தம். அதற்காக நான் ஒருவன் காலையில் எழுந்து நினைத்தால் மாறிவிடாது. அரசாணை, அலுவலகம், பெயர்ப் பலகை, பஸ் ரூட், ஜனங்களின் வாய்ப் பழக்கம் என்று எத்தனையோ நகர வேண்டும். தென்காசிக்காரர்கள் பலர் இன்றைக்கும் வெளியூரில் கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்" என்றுதான் சொல்கிறார்கள். பாலினமும் இப்படித்தான். சட்டம் ஒரு வேகத்தில் மாறும், கூலி வேறொரு வேகத்தில், வாய் இன்னொரு வேகத்தில்.

வாய் என்றதும் நம் மொழி ஞாபகம் வருகிறது. இந்தியில் நாற்காலி பெண்பால், வீடு ஆண்பால். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. மனிதருக்கும் தெய்வத்துக்கும் மட்டும்தான் ஆண்பாலும் பெண்பாலும், மற்றதெல்லாம் 'அது'. அதிலும் ஒரு வசதி உண்டு. மரியாதை நுழைந்துவிட்டால் பால் மறைந்துவிடும். டாக்டர் வந்தார் என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. சரி, அந்த வசதி யாருக்குக் கிடைக்கிறது என்று எங்கள் தெருவில் காதைக் கொடுத்துப் பாருங்கள். கணவனைப் பற்றி மனைவி, "அவிய வந்தாவ" என்பாள், அவர் வந்தார் என்று அர்த்தம். மனைவியைப் பற்றிக் கணவன், "அவ வந்தா" என்பான். இலக்கணம் இருவருக்கும் சமமாகத்தான் கதவைத் திறந்துவைத்திருக்கிறது, ஒருவர் மட்டும்தான் உள்ளே போகிறார்.

இனி பீடிக்கு வருகிறேன். எனக்குப் பாலினம் விளங்கியது அதில்தான்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசல்படியிலோ தார்சா என்கிற முன்கூடத்திலோ பெண்கள் மடியில் சொளகோடு, அதாவது முறத்தோடு, உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சொளகில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள், நூல்கண்டு, கத்தரி. இலையை முந்தின இரவே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளை ஒரு சிட்டிகை வைத்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு உருட்டு உருட்டினால் இலை சுருண்டுகொள்ளும். வாயை மடக்கி, அடியில் நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. இப்படி ஆயிரம் சுற்ற வேண்டும். தூள் பறக்கும் என்பதால் எவ்வளவு புழுக்கத்திலும் மின்விசிறி கிடையாது. நாலு பெண்கள் சேர்ந்து சுற்றும்போது சிரிப்பு வரும். அப்போது தெருவில் போகும் பெரியவர் யாராவது, "பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு" என்று சொல்லிக்கொண்டே போவார். புகையிலையை விரித்து வைத்துக்கொண்டு சிரித்தவர்களின் காசில்தான் அந்தத் தெருவே ஓடியது என்பது வேறு விஷயம்.

அம்மாவும் அக்காவும் சுற்றினார்கள். ஏழெட்டு வயதில் எனக்கு வாய் மடக்கும் வேலை. பத்து வயதில் உருட்டவே வந்துவிட்டது. என் பீடியும் அக்கா பீடியும் ஒரே கட்டில்தான் பீடிக்கடைக்குப் போகும். செக்கர் கழித்துப்போடும்போது இது பையன் சுற்றியது, இது பெண் சுற்றியது என்று பிரிக்கத் தெரியாது அவருக்கு. பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு நாள் பெரியப்பா வந்தார், சொளகோடு என்னைப் பார்த்தார். "ஏலே, மீசை முளைக்கப் போவுது, இன்னும் என்னல பொம்பள மாதிரி சொளகோட?" அவ்வளவுதான். மறுநாள் நான் பம்பரமும் கிரிக்கெட் மட்டையுமாகத் தெருவுக்குப் போய்விட்டேன். என் விரல்கள் முந்தின நாள் இருந்த அதே விரல்கள். அக்காவுக்கு அன்றைக்கிலிருந்து வாய் மடக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது.

பெண்கள்தான் ஏன் பீடி சுற்றுகிறார்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். பொம்பளைக்கு விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி, ஆம்பளைக்கு உட்கார்ந்து சுற்ற முடியாது. இதை நானும் வெகுநாள் நம்பினேன். அப்புறம்தான் கேரளத்துக் கண்ணூர்க் கதை தெரிந்தது. அங்கே பல பத்தாண்டுகள் பட்டறைகளில் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள் ஆண்கள். ஒருவர் சத்தமாகப் பத்திரிகை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிப்பவருக்குக் கூலி குறையாமல் இருக்க அவர் பங்கையும் சேர்த்துச் சுற்றுவார்கள். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1966இல் வந்தது. அதை அமல்படுத்தும் நிலை வந்ததும் அங்கே முதலாளிகள் பட்டறைகளை மூடினார்கள். வேலை இழந்தவர்களுக்காக 1969இல் கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு உருவானது. அதே இலை, அதே தூள், அதே பெருவிரல். அங்கே அது சங்கம் வைத்த ஆண் தொழிலாளியின் வேலை, இங்கே அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்காரும் பெண்ணின் வேலை.

அப்படியானால் மெல்லிய விரல் எங்கிருந்து வந்தது? வேலை யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் கூலியும் சட்டமும் முதலாளியின் கணக்கும் தீர்மானிக்கின்றன. பட்டறை வைத்தால் இடம், விளக்கு, கழிப்பறை, வருகைப் பதிவேடு எல்லாம் வேண்டும். வீட்டுக்கு இலையும் தூளும் கொடுத்தனுப்பினால் அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில். வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெண்கள். வேலை அவர்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் 'இயற்கை' வந்து கையெழுத்துப் போடுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. வீட்டில் நடப்பதால் பீடி சுற்றுவது வேலை என்ற கணக்கிலேயே வராமல் போகிறது. சட்டப்படி, பொருள் வாங்கி வந்து வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான். 1966 சட்டமே அதைச் சொன்னது. ஆனால் ஊர் வாயில் "வீட்ல சும்மா இருந்து பீடி சுத்துதா" என்றுதான் வரும். அந்த 'சும்மா'வைக் கவனியுங்கள். ஆயிரம் பீடியை ஒரே சொல் விழுங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது மட்டும் அந்த வேலை மறுபடியும் வெளியே வரும். "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா? நாளைக்கு எவ்வளவு சுத்துவா?" அக்காவை அப்படிக் கேட்டபோது நான் திண்ணையில் கல்லூரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் புத்தகமும் பீடிக் காசுதான்.

வேலைக்குப் பால் கிடையாது, இடமும் காசும் கருவியும்தான் அதற்குப் பால் கொடுக்கின்றன என்று புரிந்துவிட்டால் எங்கே பார்த்தாலும் இது தென்படும். வீட்டுச் சமையல் பெண்ணுடையது. அதே சாம்பாரும் அவியலும் சொதியும் கல்யாண மண்டபத்துக்கு வந்தால் தவசுப்பிள்ளையுடையது, அவர் ஆண், அவருக்கு அட்வான்ஸ் உண்டு. நாற்று நடுவது காலம் காலமாகப் பெண்கள் வேலை, முழங்கால் சேற்றில் நாளெல்லாம் குனிந்து நட வேண்டும். நடவு இயந்திரம் வந்தது, அதன் மேல் ஏறி உட்கார்ந்தது ஆண். குனிவது பெண் வேலையாகவும் ஓட்டுவது ஆண் வேலையாகவும் ஆனது. பனையில் ஏறுவது ஆண், விடிலி என்கிற ஓலைக் குடிசையில் புகைக்குள் நின்று பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவது பெண். ஏறுவதில் உயிர் ஆபத்து இருக்கிறது, அது உண்மை. ஆனால் 'பனைத் தொழிலாளி' என்றதும் நம் மனதில் வரும் படத்தில் அடுப்பு ஏன் இல்லை?

வயல் கூலியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கிராமத்தில் பல பெண்கள் ஆணுக்குச் சமமான கூலியை முதன்முதலில் கையில் வாங்கியது நூறு நாள் வேலையில்தான். அதனால்தான் அதன் மேல் பண்ணையாருக்கு அவ்வளவு கோபம் என்பது என் கணிப்பு.

கூலியே இல்லாத வேலை தனி. 2019இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சமைப்பது, துவைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையைச் செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 'செய்கிற ஆண்கள்' என்பதை அழுத்திப் படியுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 சதவீதம் பேர் அந்த வேலையில் இருந்தார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர்தான். 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவி என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தது. தொகை சிறியதுதான், ஆனால் சொல் சரியானது.

இதையெல்லாம் எப்போது கற்றுக்கொண்டோம்? யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே ஆணென்றால் 'ஏலே', பெண்ணென்றால் 'ஏட்டி'. விழுந்து அடிபட்டால் ஒருவனிடம் "ஆம்பளப் பிள்ள அழலாமால?" என்பார்கள், இன்னொருத்தியிடம் "மெதுவா நடக்கப் படாதாட்டி?" என்பார்கள். அடி ஒன்று, பாடம் இரண்டு. பெண் வயதுக்கு வந்தால் சடங்கு, தாய்மாமன் சீர், உளுந்தங்களி, ஊரெல்லாம் அழைப்பு. அவள் உடம்பு பொதுச் செய்தியாகிவிடும், அதோடு தெருவில் விளையாடுவதும் நிற்கும். பையனுக்குக் குரல் உடைவதை யாரும் மைக் வைத்துச் சொல்வதில்லை. அவனுடைய சடங்கு வேறு மாதிரி நடக்கிறது, பெரியப்பா என்னை சொளகிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி.

பாலினம் என்பது ஒருவரிடம் இருக்கும் பொருள் அல்ல, அன்றாடம் செய்துகொண்டே இருக்கும் செயல் என்று சமூகவியலாளர்கள் கேண்டஸ் வெஸ்ட்டும் டான் சிம்மர்மேனும் 1987இல் எழுதினார்கள். இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கோயில் கொடை விழாவில் நாங்கள் பார்த்திருக்கிறோம். சுடலைமாடன், இசக்கியம்மன் கொடைகளில் கணியான் கூத்து நடக்கும். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்கிற தோல்கருவி முழங்க, பெண் வேடம் கட்டிய இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். சேலைக் கொசுவம், காலில் சதங்கை, கண்ணில் மை, இடுப்பில் கை, ஓரப் பார்வை. முன்வரிசை ஆச்சிகள் வாயில் வெற்றிலையோடு, "நம்ம பிள்ளைகளுக்கு இந்த நடை வருமா?" என்பார்கள். பொழுது விடிந்ததும் அதே ஆட்டக்காரர் டீக்கடைப் பெஞ்சில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதோரம் கொஞ்சம் பவுடர் மிச்சத்தோடு, காலை அகட்டி உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். ராத்திரி நடையை அவர் பழகினார் என்று நமக்குத் தெரியும். காலையில் காலை அகட்டி உட்காருவதையும் எப்போதோ பழகியிருப்பார் அல்லவா? அந்த ஆச்சிகளும் தங்கள் நடையை அப்படித்தான் பழகியிருப்பார்கள்.

இவ்வளவு நேரம் ஆண், பெண் என்று பொதுவாகப் பேசிவிட்டேன். அது கொஞ்சம் தப்பு. நம் பக்கத்தில் பாலினம் ஒருநாளும் சாதியை விட்டுத் தனியாக வந்ததில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது என்பது வழக்கம். மீறியவர்களின் துணி சந்தையில் வைத்துக் கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று மன்னர் அனுமதி கொடுத்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. நாணம் பெண்ணுக்கு இயற்கை என்று சொல்லிப் பழகியவர்கள் இதை என்ன செய்வார்கள்? ஒருத்தி மறைக்காவிட்டால் மானக்கேடு, இன்னொருத்தி மறைத்தால் குற்றம். உடம்பு இருவருக்கும் ஒன்றுதான்.

சாதி தன் எல்லையைக் காப்பாற்றிக்கொள்வதே பெண்ணின் திருமணத்தைக் கட்டுப்படுத்தித்தான் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். அகமணம்தான் சாதியின் உயிர் என்பது அவர் வாதம். எங்கள் ஊர்களில் பெண்பிள்ளை யாரிடம் பேசுகிறாள் என்று அண்ணன் தம்பிகள் காவல் காப்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் காவலுக்குத் தயாராவதுதான் பையன்களுக்கு 'ஆம்பளைத்தனம்' என்று கற்றுக்கொடுக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு சாதிக்கும் அடையாளம், வீரத்துக்கும் அடையாளம். நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் ஒருவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பெரியார் ஆண்மை என்ற கருத்தே அழிந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை என்று எழுதியதை ரொம்ப நாள் மிகைப்பேச்சு என்று நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பால் இயற்கை, பாலினம் கட்டுமானம் என்று மேலே சுலபமாகப் பிரித்தேன். ஆனால் உடலும் இரண்டே பெட்டிக்குள் அடங்குவதில்லை. ஆண், பெண் என்ற வரையறைக்குள் வராத உடலமைப்போடு பிறக்கிறவர்கள் உண்டு, ஊடுபால் என்கிறார்கள். பிறந்தபோது எழுதிய பால் ஒன்று, தன்னை உணர்வது வேறொன்று என்று வாழ்கிறவர்களும் உண்டு. தொல்காப்பியமே இப்படிப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லை என்ன விகுதி போட்டு முடிப்பது என்று யோசித்திருக்கிறது. அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணைக்கு உள்ள விகுதியையே போடு என்றது. விகுதி இல்லை, ஆனால் உயர்திணை உண்டு.

திருநங்கையருக்குத் தனி நல வாரியத்தைத் தமிழகம் 2008இலேயே அமைத்தது. பத்து வருடம் கழித்து, 2018இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவு செய்யப் போனால் மறுத்தார்கள். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 1955 இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, ஊடுபால் குழந்தைகளுக்கு ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்யும்' அறுவைச் சிகிச்சை கூடாது என்றும் சொன்னது. அந்த ஆண்டே அரசாணையும் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு பெட்டிதான் என்ற நம்பிக்கைக்காகக் குழந்தையின் உடம்பையே வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். எது இயற்கை, எது கட்டியது?

சட்டம் ஒரு வேகம், வாய் ஒரு வேகம் என்று முதலில் சொன்னேன். அதற்கு என் வீட்டுக் கதையே இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது வருடம் கழித்து, 1989இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழகத்தில் சட்டம் வந்தது. 2005இல் நாடு முழுக்க வந்தது. எங்கள் அப்பா இறந்தபோது அந்தச் சட்டமெல்லாம் அமலில்தான் இருந்தது. ஒரு முகூர்த்த நாள் பார்த்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அக்காவைக் கூட்டிப் போனோம். பத்திர எழுத்தர் படித்துக் காட்டினார். அக்கா பெருவிரல் ரேகை வைத்தாள், கையெழுத்தும் போட்டாள். வீடும் அரை ஏக்கர் வயலும் என் பேருக்கு வந்தன. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

யாரும் அக்காவை மிரட்டவில்லை. அதுதான் விஷயமே. கேட்டிருந்தால் பங்கு வந்திருக்கும், பிறந்த வீடு போயிருக்கும். சடங்குக்குச் சீர் கொண்டுவரத் தாய்மாமன் வேண்டும், மாமியார் வீட்டில் சண்டை என்றால் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும். சட்டம் கொடுத்த நிலத்தை விட ஊர் கொடுக்கும் அந்தத் துணை அவள் கணக்கில் பெரிது. அவள் கணக்கில் தப்பு இல்லை. கணக்குப் போடும்படி நிறுத்திவைத்த ஏற்பாட்டுக்குத்தான் பால்நிலை என்று பெயர்.

சில சமயம் சின்ன மாற்றம் பெரிய இடத்தைத் தொடும். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதுவரை அக்கா பாளையங்கோட்டைக்கு வர வேண்டுமென்றால் அத்தானிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்பாள். காசு கேட்டால் கூடவே "எதுக்கு? எப்ப வருவ?" வரும். டிக்கெட் போனதும் அந்தக் கேள்விகளுக்கும் வாசல் அடைபட்டுவிட்டது. இப்போது கிளம்பி, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு போனில் சொல்கிறாள். 'ஓசி பஸ்' என்று கேலி பேசுகிறவர்கள் டிக்கெட் காசை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

அக்கா மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறான். அருவிக்கரையில் கை பிடித்து வந்த அதே பையன். அக்காவுக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து வீட்டுவேலையில் பாதியை அவன்தான் பார்க்கிறான். சோறு வடிப்பான், பாத்திரம் கழுவுவான். போன மாதம் போயிருந்தபோது வாரியலை எடுத்து அடுக்களை, பட்டாசல், தார்சா என்று சுத்தமாகப் பெருக்கிக்கொண்டு வந்தான். தூசியை வாசல்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தவன், தெருவில் யாரோ வருவதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, "அம்மா, வாசல மட்டும் நீ பெருக்கிரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.